மண்ணுக்கு மேலே போன குழாய்

சென்ற ஆண்டு கெலாங் பாத்தாவில், புதிய வீடமைப்புத் தளம் ஒன்றில் இது நடந்தது. அந்தக் காலை, வரிசைப்படி:

1. ஏழரை மணிக்கு, அன்று தோண்ட வேண்டிய முதல் இரண்டு பள்ளங்களின் ஆழத்தை என் கால்குலேட்டர் சொன்னது.
2. அதைத் தாளில் எழுதி, மண்வாரி இயந்திரம் ஓட்டும் அண்ணனிடம் கொடுத்தேன்.
3. அவர் தாளைப் பார்த்தார். இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

நான் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேற்பார்வையாளர் முடிவு செய்வார். கழிவுநீர்க் குழாய்க்காக ஒவ்வொரு மேன்ஹோலிலும் எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று கணக்கிடுவது என் பொறுப்பு. ஆழம் தவறினால் நீர் ஓடாது. பதித்த குழாயைப் பெயர்த்து எடுக்க வேண்டும்.

அந்த வாரம்தான் நிரல் எழுதவும் வரைபடம் காட்டவும் கூடிய கால்குலேட்டர் ஒன்றை வாங்கியிருந்தேன். சாப்பிடும்போதுகூட அதன் கையேட்டைக் கீழே வைக்கவில்லை. கையால் ஒரு மணி நேரம் போடும் கணக்கை என் நிரல் நொடியில் முடித்தபோது, யாருமில்லாத அலுவலகத்தில் நானே கைதட்டிக்கொண்டேன். அதில் ஒரு சாமர்த்தியமும் செய்திருந்தேன்: கடைசி மேன்ஹோலில் குழாய் இருந்த மட்டத்தை நினைவில் வைத்து, மறுநாள் அங்கிருந்தே அது தொடரும்.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நேத்து ரெண்டு மீட்டர் தோண்டுனேன். இன்னைக்கு அரை மீட்டர் போதும்ங்கிற. என்னா தங்கச்சி, கல்யாணத்துக்கு வாழமரம் நடப் போறோமா?"

"கால்குலேட்டர் போட்ட கணக்குண்ணே. தப்பு வராது."

"அதுக்குத் தெரியும், சரி லா. மண்ணுக்குத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வாயை அடைக்கவே, அதுவரை விளையாட்டாக மட்டும் தட்டிப் பார்த்த வரைபடப் பொத்தானை அழுத்தினேன். நிலத்துக்கு ஒரு கோடு, குழாய்க்கு ஒரு கோடு. இரண்டும் திரையில் மெல்ல ஊர்ந்தன. மூன்றாவது மேன்ஹோலைத் தாண்டியதும் குழாய் மண்ணை விட்டு வெளியே வந்து, காற்றில் போனது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "அலமாக். படம் போட்டு உன்னையே காட்டிக் குடுக்குதே."

அன்று நாங்கள் தொடங்கியது சாலையோரத் தாழ்வில், வேறொரு குழாய் வரிசை. நிரலோ முந்தைய நாள் மேட்டில் முடித்த மட்டத்திலிருந்து தொடர்ந்திருந்தது. நான் பெருமைப்பட்ட சாமர்த்தியம்தான் காலை வாரியது.

பயம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு உற்சாகம் பொங்கியது. என் தவறு கோடாகக் கண்முன் நின்றது. எங்கே திருத்துவது என்று பார்த்ததுமே தெரிந்தது. அடுக்கியிருந்த குழாய்கள்மேல் உட்கார்ந்து, நிரலின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். கோடு மண்ணுக்குள் இறங்கியது. கையாலும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், அதே விடை.

"ரெண்டே கால் மீட்டர்ண்ணே."

"இது பள்ளம்," என்று சொல்லி அவர் வாளியை இறக்கினார்.

தேநீர் நேரத்தில் மேற்பார்வையாளரிடம் நானே போய் நடந்ததைச் சொல்லி, இரண்டு படங்களையும் காட்டினேன். அந்த நிரலை மற்ற உதவியாளர்களுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்.

இப்போது நான் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். தொடங்கும் மட்டம் என்ன என்று நிரல் முதல் வரியிலேயே கேட்கிறது. அதற்குப் பதில் கொடுத்து, படத்தை அண்ணனிடம் காட்டிய பிறகுதான் தாளைக் கொடுக்கிறேன்.