என் கை போட்ட தாளம்

என் மகள் கர்நாடக வயலினை நிறுத்தியதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வயலின் டீச்சர் ஒரு தடவை திருத்தினால் நான் வீட்டில் நாலு தடவை திருத்துவேன். பதிமூன்று வயதில் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். ஒரு வருடம் கழித்து அதே வயலினை எடுத்து, யூடியூப் பார்த்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகளை வாசிக்க ஆரம்பித்தாள். எனக்குத் துளியும் தெரியாத இசை. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று.

போன கோடையில் அந்த இசைக்கென்றே நடக்கும் ஒரு வார முகாமில் சேர வேண்டும் என்றாள். கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் சான் ரமோனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், கடைசியில் மலைப்பாதை. பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தங்க வேண்டும் என்பது அங்கே விதி. தங்கினேன். தங்கியதோடு சும்மா இருந்திருக்கலாம். வாடகை வயலின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஆரம்ப வகுப்பில் நானும் போய் உட்கார்ந்தேன்.

அங்கே எதையும் எழுதிவைத்து வாசிப்பதில்லை. ஆசிரியர் ஒரு துண்டு வாசிப்பார், எல்லோரும் காதால் வாங்கித் திருப்பி வாசிக்க வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் நமக்குப் பழகிய வழிதானே. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் வேறு என் காதைப் புகழ்ந்து தள்ள, எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் எல்லா வகுப்புக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்கினால் அது முடியும்வரை அவருடையது. வேகமும் அவர் வைத்ததுதான். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளலாம், தெரியாதவர்கள் கேட்கலாம். முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் என் மகள் தொடங்கினாள். அத்தனை பேர் நடுவில் அவளாக முன்வந்தது அதுதான் முதல் தடவை. படபடப்பில் வேகம் பிய்த்துக்கொண்டு போனது. கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து பழகிய கை எனக்கு. தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். முதலில் மெதுவாக, பிறகு அவள் காதில் விழ வேண்டும் என்று பலமாக. மற்றவர்கள் பாவம், தாளம் கேட்ட பக்கம் போய்விட்டார்கள். எல்லா வில்லும் என் கையோடு ஏறி இறங்கின. மெட்டு ஆடாமல் அசையாமல் நின்றது. பாதியிலேயே என் மகள் வில்லை மடியில் வைத்துவிட்டதை, வாசித்து முடித்தவர்கள் என்னைப் பார்த்துக் கைதட்டிய பிறகுதான் கவனித்தேன்.

அறைக்கு நடக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். அதோடு விட்டேனா?

“உனக்கு ஹெல்ப் பண்ணலாம்னுதான்டி...”

“இட்ஸ் ஓகே, அம்மா,” என்றாள். வயலின் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள். “பட் தட் ஒன் வாஸ் மைன்.”

மனசு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாலை நான் வட்டத்தில் உட்காரவில்லை. வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆசிரியர் அவளையே மறுபடி தொடங்கச் சொன்னார். வயலினைத் தோளில் வைத்தாள், வில்லை எடுத்தாள், ஆனால் வாசிக்கவில்லை. தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். முறைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் கையைப் பார்த்தாள், எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்பது போல.