இறங்குவதற்கான ஜெட்

மார்ச் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்து, வாசல் சுவரிலுள்ள காற்றழுத்தமானியையும் வெப்பமானியையும் பார்த்து, வழக்கம்போல் நாட்குறிப்பில் எழுதினேன். இரவு மழை பெய்திருந்ததால் கோல சிலாங்கூர்க் கடலோரக் காற்று குளிர்ந்து கனத்திருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. பசியாறிவிட்டு, மறுநாள் பயணத்துக்காக ஒரு பழைய மருந்துப் புட்டியைத் திறந்து இரண்டு ஜெட்டுகளை மேசைமேல் கொட்டினேன்.

சுண்டுவிரல் நகமளவுப் பித்தளைத் துண்டுகள். கார்புரேட்டருக்குள் திருகி வைப்பவை; நடுவிலுள்ள நுண்துளை வழியேதான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும். ஒன்றில் 95 என்றும் மற்றதில் 90 என்றும் பொறித்திருக்கும். கடலோரத்துக் கனத்த காற்றுக்குப் பெரிய துளை வேண்டும். மலையில் காற்று மெலிவதால் சின்னது போதும். காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும்கூட இதே கணக்குதான். அந்தக் கணக்கில் நான் கெட்டிக்காரன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். கணக்கு எங்கே முடிகிறது என்பதை மட்டும் அண்ணியிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. சுங்கை சோவில் வீடு, அப்போது ரவாங் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாரநாட்களில் தம் டூ-ஸ்ட்ரோக் கப்சாய் மோட்டாரில், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளில், வேலைக்குப் போவார். பந்தயம் உள்ள ஞாயிறுகளில் முன்கூடை, கண்ணாடி, சிக்னல் விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அதே மோட்டாரில் பந்தயம் ஓடுவார். இன்ஜின் என் பொறுப்பு. சோறு கட்டிக் கொடுப்பது அண்ணன் பொறுப்பு.

பல ஆண்டுகளுக்கு முன் கலும்பாங்கிற்கு அப்பால் ஒரு மலைத்தோட்டச் சாலையில் ஏற்றப் பந்தயம் நடந்தது. மலையின் பாதியில் தொடங்கி உச்சியில் முடியும். தொடக்கக் கோடு வரை மோட்டார்களை லோரியில் ஏற்றினார்கள். முடிந்ததும் எல்லோரும் வரிசையாக அடிவாரத்துக்கு ஓட்டி வரவேண்டும். வரிசையில் வராதவருக்குப் பரிசு இடம் கிடையாது என்பது விதி. விடியலில் பனி மூடியிருந்தபோது 95ஐயே விட்டுவைத்தேன். வெயில் ஏறியதும் மோட்டார் இருமிப் புகை கக்கத் தொடங்கியது. பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக் சிரித்தார்: “என்ன அண்ணி, கொசுவுக்குப் புகை போடுறீங்களா?”

“ஆமாலா, உங்க கூடாரத்துலதான் நெறய கொசு,” என்றார் அண்ணி.

பிளக்கைக் கழற்றினேன். நுனி கறுத்திருந்தது, பெட்ரோல் மிகுதி. 90ஐப் போட்டு ஓட்டிப் பார்த்தபோது பிளக் சரியான தே தாரேக் நிறத்துக்கு, அந்தப் பால் தேநீரின் பழுப்புக்கு வந்தது. நான் லோரியில் உச்சிக்குப் போய்க் காத்திருந்தேன். கடைசி வளைவில் அந்த மோட்டார் எழுப்பிய ஒலியில் ஒரு பிசிறும் இல்லை. அண்ணிக்கு இரண்டாமிடம்.

எல்லோரும் இறங்க அணிவகுத்தார்கள். அண்ணி மட்டும் மோட்டாரை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் கார்புரேட்டருக்கு அடியில் வைத்தார், சிந்தும் பெட்ரோலைப் பிடிக்க. சட்டைப் பையிலிருந்து, நான் கழற்றிய 95ஐ எடுத்தார்.

“என்னண்ணி பண்றீங்க? வரிசை கெளம்புது!”

“கெளம்பட்டும். கீழ அந்த நீளமான ரோட்டுல எல்லாம் முறுக்கிட்டுத்தான் போவானுங்க. அங்க காத்து கனம். இந்தச் சின்ன ஓட்டைக்கு பிஸ்டன் புடிச்சிக்கும்.”

“மத்தவங்க எல்லாம் அப்படியேதான் போறாங்க. கப்பு போயிடும்ண்ணி!”

“ஏறுறதுக்கு மட்டும் கணக்குப் போட்டா எப்படி தம்பி? நான் எறங்கணும். திங்கக்கெழமை காலைல ஷிப்ட்டுக்கும் போவணும்லா.”

வரிசை போய்விட்டது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் போகும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், உலோகம் உலோகத்தைக் கடிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. என் கணக்கு முடிவுக்கோட்டிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அண்ணியும் பின்னிருக்கையில் நானும் அடிவாரம் சேர்ந்தபோது பரிசளிப்பு முடிந்திருந்தது. மற்றவர்களின் மோட்டார்களில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கருவிகளைப் பெட்டிக்குள் வீசிக்கொண்டிருந்தேன். அண்ணி எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே, அண்ணன் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார். மறுநாள் முன்கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அதே மோட்டார்தான், அதே சிலிண்டர்தான்.

இப்போது முழங்கால் வலியால் அண்ணி மோட்டார் ஓட்டுவதில்லை. அதை என்னிடம் கொடுத்துவிட்டார். என் சொந்த மோட்டாரில் கார்புரேட்டரே இல்லை. காற்றைத் தானே அளந்துகொள்கிறது, என்னை எதுவும் கேட்பதில்லை. ஆனால் அண்ணிக்குத் தம் பழைய மோட்டார் அந்த மலையேறுவதை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். நான் ஓட்டுவது, அண்ணனும் அவரும் காரில் பின்னால் வருவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, எத்தன மணிக்குக் கெளம்புறீங்க?”

“ஏழுக்கு அண்ணி.”

“மெதுவா வாங்க. இந்தத் தடவ யாரும் வரிசைல நிக்கல.”

ஞாயிறு விடிந்ததும் அழுத்தமானியைப் பார்க்கவில்லை. மோட்டாரில் ஏற்கெனவே ஒரு 95 இருந்தாலும், முதல் வேலையாக இறங்குவதற்கென்று இந்த 95ஐ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.