தண்ணியில் இருந்தவர்

பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னான் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். கப்பல்காரர் வீடு என்று கேட்டால் பஸ் நிறுத்தத்தில் பூக் கட்டுகிறவள்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவாள். கடல் வாடையே இல்லாத ஊரில் ஒருவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்ததில் பாதி மரியாதை, பாதி நக்கல். பாதியாவது ஒன்றாவது, முக்காலே மூணுவீசமும் நக்கல்தான் என்பது அவர் மனைவி சின்னத்தாயியின் முடிவு. ஊரைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் என்று எதுவும் கிடையாது. அந்த அபிப்பிராயம் மாறிவிடாமல் ஊரும் பார்த்துக்கொண்டது.

சின்னானின் அப்பா, சுந்தரராஜுலுவின் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த பண்ணையாள். அவர் இறைத்த தண்ணீர் கரும்புக்கும் வாழைக்கும் தாராளமாகப் பாயும். இறைத்தவருக்குத் தாகம் எடுத்தால் மட்டும் குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டும், மேலேயிருந்து யாராவது ஊற்றுவார்கள். அந்தக் கையேந்தலைப் பார்த்தே வளர்ந்த சின்னான், கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். சமையல் வேலை கொடுத்தார்கள். வடக்கத்திக்காரர்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. சைனா, சைனா என்றே கூப்பிட்டார்கள். சீனாக்காரனோடு சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நம்முடைய போர்க்கப்பலிலேயே ஒரு சைனா உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

எழுபத்தொன்றில் சண்டை வந்தபோது அவர்களுக்குக் கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை. விசாகப்பட்டினத்துக் குடியிருப்பில், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய அறைக்குள், தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாமல் சின்னத்தாயி தனியாகக் கிடந்தாள். கப்பல் திரும்பி வருமா என்று கேட்கவும் ஆளில்லை. வந்தது. வந்தவரின் உள்ளங்கை இரண்டும் உரிந்து கிடந்தன. சண்டை நேரத்தில் சமையல்காரர்களும் கப்பலின் அடிவயிற்றில் நின்று குண்டுகளைத் தூக்கி மேலே ஏற்ற வேண்டும். தலைக்கு மேல் இரும்புக் கதவைச் சாத்திவிடுவார்கள். கப்பலுக்கு ஒன்று ஆனால் அந்தக் கதவு திறக்காது. இதை அவளிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அப்போது அவர் அழுதார், அவளும் அழுதாள்.

ஊரில் வந்து கேட்கிறவர்களிடம் சொன்னாரா என்றால் இல்லை. சண்டையில் என்னப்பா சுட்டாய் என்று டீக்கடையில் எவனாவது வாயைக் கிளறுவான். "சப்பாத்திதானுங்க சுட்டேன்" என்பார் இவர். கடையே சிரிக்கும். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கேட்கும்போதெல்லாம் சின்னத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் கேலி செய்வதுகூடப் பொறுக்கலாம், கேலிக்கு விறகு எடுத்துக் கொடுக்கிற மனுசனை என்ன செய்வது?

பதினைந்து வருசம் முடித்துப் பென்சனோடு வந்து, மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். சொந்தமாக ஓர் ஓட்டு வீடு கட்டினார். அதற்குமேல் அவருக்கு உலகம் என்று எதுவும் கிடையாது. ஒரே மகள் மெர்சி. கடற்படை ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைக்கமாட்டார்கள் என்று கைவிட்ட நேரத்தில் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றிய மலையாளத்து நர்ஸின் பெயர் அது. மெர்சிக்குத் தலை வாரிச் சடை போட்டதும் அப்பாதான், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியதும் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமையானால் சின்னத்தாயியை அடுப்படிப் பக்கமே விடமாட்டார். அவள் சேலைகளைத் துவைத்து, தெரு பார்க்க உதறிக் கொடியில் காயப்போடுவார். அரசாங்கச் செலவில் பொம்பளை வேலை படித்து வந்தவன் என்று தெரு சொன்னது. அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் சம்பளத்தன்று குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்து, பெண்டாட்டிமார் தோளில் தொங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருகிறவர்கள். ஆம்பிளைகள் அல்லவா, அப்படித்தான் போவார்கள்.

அந்த ஆம்பிளைகளெல்லாம் மாசம் ஒரு தடவை கப்பல்காரரைத் தேடி வருவார்கள். சின்னான் சாராயத்தை நாக்கில் வைத்தறியாதவர். ஆனால் கோயமுத்தூர் மிலிட்டரி கேண்டீனில் அவருக்கென்று மாசாமாசம் ரம் பாட்டில் உண்டு. அதற்காக, ஏழு வருசம் எட்டிப் பார்க்காத பங்காளிக்கு அண்ணன் தம்பி முறை ஞாபகம் வரும். இல்லை என்று சொல்ல இவருக்கு நாக்கு எழாது. வாங்கி வந்து, வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டு, மிலிட்டரி சரக்கு மிலிட்டரி சரக்குதான் என்ற பாராட்டையும் வாங்கிக்கொள்வார்.

வருகிறவர்களில் பெரிய மனிதர் சுந்தரராஜுலு. அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வரமாட்டார். வெளியே முருங்கை மரத்தடியில் மொபெட்டை நிறுத்தி, "சின்னா" என்று ஒரு குரல். இவர் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடுவார். அந்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் குடித்தால் சுந்தரராஜுலுவின் குலப்பெருமை கரைந்துவிடும், பாட்டிலில் அடைத்த தண்ணி மட்டும் எதையும் கரைக்காது. இந்த சாஸ்திரத்தை எந்தப் பெரியவர் எழுதி வைத்தார் என்று சின்னத்தாயி கேட்பாள். விடு அம்மணி, பழகின மனுசன் என்பார் சின்னான். முதுகெலும்பைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று அவள் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

தொண்ணூற்றைந்தாம் வருசம், தீபாவளிக்கு முன்னால், மெர்சிக்கு மதுக்கரையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் கௌதமன், சிமென்ட் ஆலையில் பிட்டர். ஒரு கல்யாண வீட்டில் இருவரும் பார்த்துக்கொண்டதில் பிடித்துப்போய், தரகர் சென்னிமலை மூலம் பெண்ணின் போட்டோ மதுக்கரைக்குப் போனது. மெர்சி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நர்சரி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறவள் பாட்டுப் பாடிக்கொண்டு போக ஆரம்பித்தாள். பத்து நாளில் சென்னிமலை தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். பையனுடைய அப்பா ஐயாசாமி வேண்டாம் என்றுவிட்டாராம். தம் மூத்த மகனைக் குடிக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவர். குடிகாரன் வீட்டில் சம்பந்தம் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டியவராம்.

யார் குடிகாரன் என்று கேட்டாள் சின்னத்தாயி. பெண்ணின் தகப்பனார்தான் என்றார் சென்னிமலை. ஐயாசாமி தோட்டத்துக்காரர் சுந்தரராஜுலுவிடம் விசாரித்தாராம். ஊரில் பெரிய மனிதர் அவர்தானே! அவரே தம் வாயால், பதினைந்து வருசம் தண்ணியிலேயே கிடந்தவன் என்று சொல்லிவிட்டாராம்.

கடல் தண்ணீர் கள்ளுத்தண்ணியாகிவிட்டது. குடும்ப மானம் உண்மையிலேயே கப்பலேறிப்போனது. மெர்சி அன்றோடு பாட்டை நிறுத்திவிட்டாள். சின்னான் செய்ததெல்லாம், சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்ததுதான். மதுக்கரைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று அவள் எவ்வளவோ கத்திப் பார்த்தாள். நான் குடிகாரனில்லை என்று எல்லாக் குடிகாரனும்தானே சொல்கிறான் என்றார் அவர். அது நியாயமாக இருந்ததில் அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது.

அவள் ஒரு காரியம் செய்தாள். பெண்ணின் போட்டோவைத் தரகர் கையில் திருப்பிக் கொடுப்பது முறையில்லை, பையனைப் பெற்றவரே தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தரவேண்டும் என்று சென்னிமலையிடம் சொல்லியனுப்பினாள். தீபாவளிப் பாட்டிலுக்கு சுந்தரராஜுலு தவறாமல் வருகிற காலை அது.

ஐயாசாமி சொன்னபடி வந்தார். நல்ல மனிதர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சின்னத்தாயி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். இருக்கட்டும் என்று கும்பிட்டார். சம்பந்தத்தை முறிக்க வந்த வீட்டில் கை நனைப்பதில்லை, அது வழக்கம். போட்டோ அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே வருகிற நேரத்தில் முருங்கை மரத்தடியில் "சின்னா" என்று குரல் கேட்டது.

சின்னான் வழக்கம்போலப் பாட்டிலோடு எழுந்தார். அவருக்கு முன்னால் சின்னத்தாயி வாசலுக்குப் போய்விட்டாள்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரப் பத்தி மதுக்கரைக்காரங்க வந்து கேட்டாங்களாமா. என்னங்க சொன்னீங்க?"

"நல்லதாத்தான் சொன்னேன். பதினஞ்சு வருசம் தண்ணியிலயே கெடந்தவன், தங்கமான ஆளு, மாசமானா பாட்டில் வாங்கி எனக்கே ஒண்ணு குடுப்பான்னு சொன்னேன். ஏன்?"

"எந்தத் தண்ணியிலீங்க?"

"கடல் தண்ணியிலதான். பின்னே, அவன் என்னைக்குக் குடிச்சிருக்கான்?"

உள்ளே ஐயாசாமியின் கை சட்டைப் பையிலேயே நின்றுவிட்டது. சின்னத்தாயி நினைத்து வந்த காரியம் முடிந்தது. இனி பாட்டிலை வாங்கிக்கொண்டு அந்த ஆள் தொலைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஆனால் அன்றைக்கு மொபெட் பாதி வழியில் நின்றுபோய், சுந்தரராஜுலு அதை வெயிலில் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். உதடு காய்ந்து, மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சின்னானுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே திரும்பி ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். அவர் அந்த மனிதருக்குத் தண்ணீர் நீட்டியது அதுதான் முதல் தடவை.

சுந்தரராஜுலு டம்ளரைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். வேண்டாம்டா, இப்போதுதான் குடித்தேன் என்றார். அதைச் சொல்வதற்கே அவருக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. பாட்டிலுக்கு மட்டும் கை நீண்டது.

சின்னான் நீட்டிய டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்து முடித்தார்.

"ரெண்டும் எங்க ஊட்டுத் தண்ணிதானுங்க சாமி. அது ஆகாதுன்னா இதுவும் ஆகாதுங்க" என்றார், குரலைக்கூட உயர்த்தாமல். பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வைத்தார். வெளியே மொபெட் கிளம்பாமல் இருமிக்கொண்டு கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

சின்னத்தாயி கதவைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை வருசமாக முதுகெலும்பில்லாதவர் என்று தான் எண்ணிய மனிதரை அவள் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இரும்புக் கதவுக்குக் கீழே நின்று குண்டு தூக்கியவர் இவர்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் நன்றாக விளங்கியது. தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஐயாசாமி ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்தார். அண்ணாந்து, ஒரு சொட்டு மீதியில்லாமல் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கை நனைச்சுட்டே போறேனுங்க சம்பந்தி" என்றார்.

உள் அறையில் மெர்சியின் வளையல் சத்தம் கேட்டது. சின்னத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். சின்னான் அவளை முந்திக்கொண்டு போய் மாவு டப்பாவைத் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அல்லவா!

"எத்தன அம்மணி சுடட்டும்?" என்று கேட்டார்.