முந்திச் சிரித்த பெர்னார்ட் அங்கிள்

பெர்னார்ட் அங்கிள் தவறிவிட்டார் என்று நம் பிளாட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் போட்டது நான். "நீதானே எப்பவும் போனும் கையுமா இருப்ப, நீயே சொல்லிடு" என்று அவர் மனைவி ரீட்டா ஆன்டிதான் சொன்னார். போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. "சாவுலயுமா வெளையாடுவ? வாய்ல அடி லா" என்று மூன்றாம் மாடி அக்கா எழுதினார். ஆன்டி வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்த பிறகுதான் குரூப் அமைதியானது. விளையாட்டுக்காரி என்று எனக்கு அப்படியொரு பெயர். பழியை அங்கிள்மேல் போட முடியாது.

உங்களுக்கு அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஞாயிறு பூசையில் கடைசி வரிசைக்காரர். எனக்கு அவர் டிவி நட்சத்திரம். நிஜமாகத்தான் சொல்கிறேன்!

"அங்கிள், டிவியில உங்களுக்கு என்ன ரோல்?" என்று முதல் தடவை கேட்டபோது, "சத்தம்" என்றார்.

நம்மில் யாருக்கும் ஞாபகமில்லாத அந்தக் குடும்ப நகைச்சுவைத் தொடரின் பெயர் 'லிஃப்ட் ரிப்பேர்'. ஒரே மாதிரி புளோக்குகள் நிற்கும் அடுக்குமாடியில், எட்டாம் மாடியில் ஒரு குடும்பம், லிஃப்ட் ஒருநாளும் ஓடாது, அவ்வளவுதான் கதை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் படம் பிடித்தார்கள். பின்னணிச் சிரிப்புக்குத் தனியாகச் செலவழிக்க வழியில்லாததால், டைரக்டர் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு கொடுத்து, சிரிக்கச் சொன்னார். அங்கிள் ஒத்திகைக்கே போய்விடுவார். அதனால் ஜோக் எங்கே வரும் என்று தெரியும். தெரிந்த பிறகு அந்த மனுஷனால் பொறுக்க முடியுமா? நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வெடித்துவிடுவார். டைரக்டர் அவரைக் கடைசி நாற்காலிக்கு மாற்றினார். பிறகு கதவுக்கு வெளியே அனுப்பினார். அங்கிருந்தும் கேட்டதாம். கடைசியில் தோற்றுப்போய் நடிகர்களிடம், "அண்ணன் சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் வசனம் பேசுங்க" என்றாராம். தொடர் சில வாரங்களிலேயே நின்றது. "நான் சிரிச்சுத்தான் மூடிட்டாங்கன்னு உங்க ஆன்டி சொல்றா" என்பார் அங்கிள், மெடல் வாங்கியவர்போல. முந்திக்கொண்டு சிரிப்பதால் நான் அவருக்கு முந்திரி அங்கிள் என்று பெயர் வைத்தேன். அதற்கும் நான் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தார்.

அடக்கம் முடிந்த வாரம் ஆன்டி என்னைக் கூப்பிட்டார். "உன் போன்ல அவர் சிரிக்கிறது இருக்குமாடி? வீடு ரொம்ப அமைதியா இருக்கு. ஒரு தடவ கேக்கணும்."

எனக்கு ஒரே குஷி. அவரை வைத்து எத்தனை குறும்பு வீடியோ எடுத்திருக்கிறேன்! எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எதிலுமே அவர் சிரிப்பு கேட்கவில்லை. போனைப் பிடித்திருந்த என் சிரிப்புதான் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் மேலே நின்றது. நான் எடுக்கிறேன் என்று தெரிந்த வீடியோக்களிலோ, அவர் பாஸ்போர்ட் படத்து முகத்தோடு நிற்கிறார்.

மிச்சமிருந்தது தொடர் மட்டும்தான். 'லிஃப்ட் ரிப்பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கா?' என்று ஃபேஸ்புக்கில் போட்டேன். "எங்க பிளாட்லயும்தான், மேனேஜ்மெண்ட்ட சொல்லுங்க" என்று பூச்சோங்கிலிருந்து ஒருவர். "லிஃப்ட் சர்வீஸ், உடனே வருவோம்" என்று சுபாங் ஜெயாவிலிருந்து இன்னொருவர். மறுநாள்தான் கிள்ளானிலிருந்து வசந்தி என்ற ஓர் அக்கா எழுதினார்: "நான்தான் அதுல மகளா நடிச்சேன். யாரு நீ?"

கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அடுத்த சனிக்கிழமையே கிள்ளானுக்கு ரயிலேறிவிட்டேன்.

அக்கா இப்போது தையற்கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு வீடியோ கேசட் இருந்தது. அதன்மேல் அவருடைய தம்பி பத்துமலைத் தைப்பூசத்தைப் பதிவு செய்துவிட்டாராம். "கடைசியில கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனா நாடா பூஞ்சை புடிச்சிருக்கு. ஒரு தடவ ஓடுனா பெரிய விஷயம்" என்றார்.

"அந்த ஒண்ணு போதும்க்கா" என்று டிவி பக்கத்தில் போனைப் பதிவில் வைத்தேன்.

காவடி காவடியாகப் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று ஓர் உலுக்கல், ஒரு படிக்கட்டு. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு எட்டு மாடி ஏறி, நாக்குத் தள்ள, கதவு முன்னால் இறக்குகிறார்கள். கீழேயிருந்து மகள் குரல்: "அப்பா..."

அவ்வளவுதான். மகள் மேலே சொல்வதற்குள் அங்கிள் வந்துவிட்டார். முதலில் ஒரு கீச்சு, பிறகு இருமலா சிரிப்பா என்று தெரியாத ஓர் உருட்டல், பிறகு முழு வெடி. அவரேதான்! படத்தில் அந்த அப்பா பாவம், ஃப்ரிட்ஜைத் தட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அங்கிள் அடங்கியதும் மகள் முடிக்கிறாள்: "அப்பா, நம்ம வீடு பக்கத்து புளோக்!"

எனக்கு வயிறு வெடித்தது. சிரித்தால் இதுவும் போச்சு. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வசந்தி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் சிரித்துவிடாமல் இருக்க வேகமாக வெளியே போய் நின்றுகொண்டார். வீடியோ டெக்குக்குள் 'கிரீச்' என்றது; நாடா சிக்கியது. ஆனால் போனில் எல்லாம் வந்திருந்தது, ஆட்டுக்குட்டி இல்லாமல்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அதை ஆன்டியின் காதில் வைத்தேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தப்பு செய்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"பாரேன், அந்தப் புள்ளைய பேச வுடுறாரா?" என்றார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். பிறகு தன் போனை நீட்டினார். "இதுல மணி அடிக்கிற சத்தமா வச்சுக் குடு."

இப்போது பாசாரில் மீன்காரர் முன்னால் அவர் பைக்குள்ளிருந்து அங்கிள் சிரிக்கிறார். ஆன்டி உடனே எடுப்பதில்லை. முழுக்கச் சிரிக்க விட்டுத்தான் எடுப்பார். அங்கிள் எனக்கென்று விட்டுப்போனது ஒரு வேலை. தினமும் பள்ளி விட்டதும் ஆன்டிக்கு ஒரு மிஸ்ட் கால் கொடுக்கிறேன். அவர் எடுப்பதற்கு ஒரு நொடி முன்னால் வைத்துவிடுவேன்.