பழைய ஹெட்டா, புது ஹெட்டா… யாரைக் கேட்பது?

போன மாதம் ஒரு நாள், மூலக்குளம் தாண்டுவதற்குள் என் கார் கொதித்து நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால்… ஒரே புகை!

என் கார் என்றால் நிஜமாகவே என் கார். வாங்கிய நாளிலிருந்து ஓட்டுவது நான்தான். வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெறும் தரையில் பிரேக் போடுவார். அவருக்கு இதுதான் சாக்கு. "பேசாம வித்துடலாம் சுமதி. போனைத் தட்டுனா வாசலுக்கே வண்டி வருது."

விற்பதா? பெரிய மார்க்கெட்டுக்குப் போவதென்றாலும் இனி வாசலில் காத்து நிற்கணுமா? "ரெடி பண்ணி, ஏசி போட்டு கடலூர்ல அக்கா வீட்டுக்குப் போவோம். வழியில ஒரு தடவை கொதிச்சாலும் வித்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். வீம்புதான்!

மெக்கானிக் பஷீர் பாய் பிரித்துப் பார்த்தார். இன்ஜினுக்கு மேலே மூடி மாதிரி உட்காருமே, அந்த ஹெட் சூட்டில் வளைந்துவிட்டதாம். விவரம் முழுக்க என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சார், ரெண்டு வழி இருக்கு. வெளிக் கம்பெனி செஞ்ச புது ஹெட் போட்டா நாளைக்கே வண்டி எடுத்துக்கலாம். இல்ல, வண்டியோட வந்த ஹெட்டையே லேத்துல குடுத்து மட்டம் பண்ணி, வால்வு மாத்தணும். நாலஞ்சு நாள் இழுக்கும். சொல்லுங்க சார்."

சார் என்ன சொல்வார்? பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்பதே அவருக்குச் சந்தேகம். "புதுசுன்னா புதுசுதானே!" என்றார் கம்பீரமாக. பெட்டி பிரிக்காத பொருள் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம். உள்ளே இருப்பது தரமா, மட்டமா… யார் பார்த்தது?

"பாய், பழைய ஹெட்ல விரிசல் இருக்கா?" என்றேன்.

"இன்னும் டெஸ்ட் பண்ணலீங்க சார்" என்றார் பாய். வீட்டுக்காரரைப் பார்த்து!

"கேட்டது நான் பாய்! மொதல்ல டெஸ்டுக்கு அனுப்புங்க. விரிசல் இருந்தா புதுசு போடுங்க. வெறும் வளைவுதான்னா இதையே சரி பண்ணுங்க."

பாய் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "அதுவும் கரெக்ட்தான்க்கா" என்று சிரித்துவிட்டார்.

நல்லவேளை, விரிசல் இல்லை. ஹெட் லேத்துக்குப் போய் மட்டமாகித் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தவளக்குப்பத்தில் வழக்கமான நெரிசல். உச்சி வெயில், ஏசி ஓடுகிறது, வண்டி நகரவில்லை. அவர் கண் ஹீட் காட்டும் முள்ளை விட்டு அசையவில்லை. நானும் அதைத்தான் அடிக்கடி பார்த்தேன், பொய் சொல்வானேன்? முள் பாதி வரை ஏறியது… அங்கேயே நின்றது. கடலூர் வரைக்கும்!

அக்கா வீட்டில் நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஹாலில் இவர் குரல். அக்கா வீட்டுக்காரருக்குப் பாடம் நடக்கிறது.

"விரிசல் இல்லன்னா ஒரிஜினல் ஹெட்டை மாத்தவே கூடாது சகலை. கண்ணை மூடிக்கிட்டுப் புதுசு போடறாங்க பாருங்க, அவங்களை என்ன சொல்றது!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேசட்டும், பாவம்.

சாவி என் பையில்தானே இருக்கிறது!