அறுபத்து மூன்றாவது மழைக்கோட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்கு நான்தான் பொறுப்பு. படிப்பு ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான். சாவியைக் கையில் வாங்கிய அன்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, ஓர் ஆணியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொழுந்து எடுக்கப் போகிற என் மனைவியும் அன்று பக்கத்தில் நின்று கும்பிட்டாள்.

சாமானுக்கு ஓடர் போடுவது இப்போது கம்பியூட்டரில். மழைக்கோட்டு பத்துப் பத்தாகக் கட்டித்தான் வரும். கட்டைப் பிரித்துத் தர மாட்டார்கள். அதனால் நாம் எதைப் போட்டாலும் கம்பியூட்டர் அதைக் கட்டுக் கணக்குக்கு மாற்றிவிடும். பத்துப் பத்தாகப் போக மிச்சம் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் இன்னொரு கட்டைச் சேர்க்கும். ஐந்துக்குக் கீழே என்றால் விட்டுவிடும். முதல் முறை அறுபத்தேழு போட்டேன், எழுபது வந்தது. நல்லதாகப் போயிற்று என்றிருந்தேன்.

போன வருடம் மழைக்கு முன்னால் கொழுந்துக்குப் போகும் பெண்களை எண்ணினேன். அறுபத்து மூன்று பேர். அதைப் போட்டதும் கண் முன்னாலேயே அறுபது என்று மாறியது. ஓடர் எடுக்கும் இடத்துக்குப் போன் பண்ணினேன்.

"அது அப்படித்தாண்ணே வரும். அறுபத்தஞ்சுன்னு போடுங்க, எழுபதாக்கிரும்."

"இல்லாத ரெண்டு பேர நான் எப்படிங்க எழுதுறது?"

"யாரு வந்து எண்ணப் போறா? எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான் போடுறாங்க."

"சாமிகிட்ட சொன்ன சொல்லு இருக்குங்க."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. நான் அறுபதையே அனுப்பினேன். விடுபட்ட மூன்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போது என் எண்ணம்.

கோட்டு வந்தது. மூன்று பேருக்கு இல்லை. இரண்டு பேரிடம் பழையது ஓரளவு நன்றாக இருந்தது. மூன்றாவது ஆள் என் மனைவி. அவள் கோட்டு தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்திருந்தது. குளிர் வந்தால் அவளுக்கு மூச்சிழுப்பும் வரும்.

"என் பேரக் கடைசில போடுங்க" என்று அவளே சொன்னாள். "நீங்க குடுக்கிற சாமான எனக்கு மொதல்ல குடுத்தா, நாளைக்கு உங்களத்தான் பேசுவாங்க."

டவுனில் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "அந்த ரெண்டு பேரும் பழசோட நிக்கிறப்ப நான் மட்டும் புதுசாங்க? மூணும் வரட்டும்" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை.

உரப்பையைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நான் சாக்குக் கொண்டுபோன அன்று ஒருத்தி சொன்னாள்: "ஸ்டோர்காரர் பொஞ்சாதி நடிப்பப் பாருடி. உள்ள புதுக்கோட்டு போட்டிருப்பா."

"ஆமாக்கா, அதுக்கும் உள்ள பட்டுச்சேல கட்டிருக்கேன், பாக்குறியா?" என்றாள் இவள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

அன்றைக்கே வந்து மூன்று கோட்டுக்கு ஓடர் போட்டேன். மூன்று, பூச்சியம் என்று மாறியது. மறுபடி போட்டேன். மறுபடியும் பூச்சியம். ஐந்து என்று போட்டிருந்தால் ஒரு முழுக்கட்டு வந்திருக்கும். விரல் ஐந்தின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. எடுத்துவிட்டேன். மூன்று கோட்டு வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் எழுதிக் கொடுத்தேன், பார்க்கலாம் என்றார்.

மழை விடவில்லை. இருமல் முதலில் வந்தது, பிறகு காய்ச்சல், பிறகு மூச்சு. லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். மூக்கையும் வாயையும் மூடி ஒட்சிசன் மாட்டியிருந்தார்கள். அதை விலக்கிவிட்டுக் கேட்டாள்:

"மூணு கோட்டும் வந்துருச்சாங்க?"

"வந்துருச்சு" என்றேன்.

"அவங்க ரெண்டு பேருக்கும் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில் போய்விட்டாள். நனைந்ததால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் மறுபடி பெண்களை எண்ணினேன். புதிதாக யாரும் சேரவில்லை. அறுபத்து இரண்டு. அறுபத்தைந்து என்று போட்டேன். எழுபது கோட்டு வந்தது, எல்லோருக்கும் கொடுத்தேன். மிச்சம் எட்டு ஸ்டோர் ராக்கைத் தட்டில் இருக்கிறது. ஏன் இத்தனை அதிகம் என்று துரை கேட்டார். கம்பியூட்டர் அப்படி ஆக்கிவிட்டது என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அம்மனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன். கற்பூரம் எரிந்து தீர்ந்தது. இந்த வருடம் பொய்யாகப் போட்ட அறுபத்தைந்துக்குக் கேட்பதா, போன வருடம் உண்மையாகப் போட்ட அறுபத்து மூன்றுக்குக் கேட்பதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.