போகுமிலின் ஹெட்லைட்டும் கிங்காவின் கல்யாண மழையும்

போகுமில் அண்ணனின் காருக்குக் கண்ணில் பூ விழுந்து வெகுநாளாகிவிட்டது. முன்விளக்கு இரண்டிலும் வெள்ளைப் படலம். எரியத்தான் எரியும், வெளிச்சம் தரைக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப்போகும். அவருக்கு வேலை கலினுவ்கா பால் தொழிற்சாலையில், பாய்லர் பிரிவில். ஊர் சும்மா இருக்குமா? "போகுமில் தினமும் ஹெட்லைட்டுல பாலை ரொப்பி வீட்டுக்குக் கடத்தறான்" என்று பேசிக்கொண்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் காது மட்டும் சிவந்திருக்கும்.

போலந்தின் இந்தக் கிழக்கு மூலையில் ஓர் ஆணிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் முதுகுவலியைச் சொல்வான். "வண்டி எப்படி?" என்று கேட்டால்தான் மனசைத் திறப்பான். அண்ணனின் டீசல் கார் ஜெர்மனியில் ஒரு கிழவி மாதா கோயிலுக்கு மட்டும் ஓட்டிய வண்டி என்று சொல்லி விற்றது. ஊரிலுள்ள பழைய கார் அத்தனையும் அப்படி வந்தவைதான். அந்த நாட்டுக் கிழவிகள் சாமி கும்பிட்டே உலகத்தைப் பலமுறை சுற்றியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நான் அவர் வீட்டு மாடியில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். அந்நியன் ஒருவன் இருக்கும் வீட்டில் எது தவறினாலும் ஊர் முதலில் மாடியைத்தான் அண்ணாந்து பார்க்கும் என்பது என் நிரந்தரப் பயம். அதனால் நடந்ததை நானே எழுதிவைப்பது நல்லது.

மகள் கிங்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண்ணைக் கோயிலுக்கு எந்தக் கார் ஏற்றிப்போவது என்பதில் வந்தது வம்பு. அண்ணன் மனைவி தனுத்தா அக்காவின் தம்பி ஸெனோன் புதிதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். ஊரின் ஒரே பெயிண்ட், உதிரிபாகக் கடையும் அவருடையதுதான். நம் கணக்கில் அவர் தாய்மாமன். அந்த உறவுக்கு நம்மூரில் என்னென்ன உரிமை உண்டு என்பது நல்லவேளை இவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அண்ணன் பேச்சு தொடங்குமுன்பே தோற்றிருப்பார்.

சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே தனுத்தா அக்கா சொன்னார்: "ஸெனோன் வண்டி நல்லா வெள்ளையா இருக்கு. போட்டோவுல எடுப்பா இருக்கும்."

"என் வண்டிக்கு என்ன?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றார் ஸெனோன். "கண்ணு தெரியாத குதிரைய கல்யாண வண்டியில கட்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"இவளை முதல் நாள் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போன வண்டிடா அது!"

"அப்பவே அவ அழுதாளாமே?"

கிங்கா இருவருக்கும் நடுவில் கையை நீட்டினாள். "போதும். அப்பா, கிறிஸ்டோபர் திருநாளுக்குள்ள அந்தக் கண்ணைத் தொறந்து காட்டுங்க. நீங்களே ஓட்டுங்க. இல்லேன்னா மாமா வண்டிதான்."

பயணிகளின் புனிதர் கிறிஸ்டோபர். அவர் திருநாளையொட்டிய ஞாயிறன்று ஊர்க் கார்கள் அனைத்தும் கோயில் முன் வரிசைகட்டும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். கல்யாணம் அதற்கு அடுத்த சனிக்கிழமை.

அண்ணன் முற்றத்தில் வேலையைத் தொடங்கியதும் வேலியோரம் நிபுணர்கள் முளைத்தார்கள். ஒருவர் பற்பசை என்றார். இன்னொருவர் ஆப்பசோடாவும் வினிகரும் என்றார். மூன்றாமவர் வோட்காவைச் சிபாரிசு செய்தார்.

"வெளிய ஊத்தறதா, உள்ள ஊத்தறதா?" என்றார் அண்ணன்.

"ரெண்டும்தான். நீ வெளிய தேய்டா, உள்ள நான் பாத்துக்கறேன்."

"கல்யாணத்துக்கு வச்சிருக்கற பாட்டில்ல எவனாவது கை வச்சீங்க..." என்று ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. நிபுணர் குழு கலைந்தது.

பற்பசையால் காருக்கு வாய் மணத்ததே தவிர கண் தெரியவில்லை. கடைசியில் சனிக்கிழமை மாலை அண்ணன் உப்புத்தாளை எடுத்தார். தண்ணீர்க் குழாயை விளக்குகளின் மேல் திறந்துவிட்டு, உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தார். மஞ்சள் கறை வழிந்தோடியது. குழாய்த் தண்ணீர் பட்ட இடத்தில் விளக்கு கண்ணாடியாய்த் துலங்கி, உள்ளே பல்பு தெரிந்தது.

"தனுத்தா! கிங்கா! வந்து பாருங்க!"

அக்கா பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கிங்கா, "அப்பா, பிரமாதம்!" என்று கன்னத்தில் முத்தமிட்டாள். அண்ணன் அன்று பீர் குடித்த குஷியில் குழாயை மூட மறந்து தூங்கப்போனார்.

காலையில் நான் குழாயை மூடியதுதான் தப்பு. விளக்குகள் காய்ந்தன. காய்ந்ததும் முன்பிருந்த பூவே தேவலை என்றாகிவிட்டது. எருமைத் தயிர் உறைந்ததுபோல் வெள்ளை வெளேரென்று நின்றன. உப்புத்தாள் கீறிய இடமெல்லாம் ஈரம் இருக்கும்வரை மறைந்திருக்கிறது. மேலே வார்னிஷ் பூசினால்தான் நிலைக்கும் என்பதை உப்புத்தாள் உறையின் பின்பக்கத்தில் அப்போதுதான் படித்தோம்.

"வார்னிஷ் வாங்கிடலாம் அண்ணே."

"ஞாயித்துக்கிழமை எவன் கடை தொறப்பான்? தொறந்தாலும் அது ஸெனோன் கடை."

ஆகவே இரண்டு பாட்டில் தண்ணீரோடு கோயிலுக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் இறங்கி விளக்குக்கு அபிஷேகம் செய்தேன். கோயில் வாசலில் கூட்டம். அங்கே பாட்டிலை எடுக்க முடியவில்லை. ஆடி மாசத்து வெயில் கண்முன்னே ஈரத்தை உறிஞ்சியது. எங்களுக்கு முன்னால் ஸெனோனின் வெள்ளைக் கார் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "என்ன மச்சான், இன்னிக்கு ஆடை கட்டிடுச்சு போல!"

கிங்கா பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தாள். அவள் முகம் விழுந்ததை அண்ணன் பார்த்தார்.

சாமியார் வந்தார். கையில் விளக்குமாறு அளவுக்குத் தெளிப்பான், பின்னால் வாளி தூக்கிய கோயில் பணியாளர். கஞ்சத்தனம் இல்லாத மனிதர். வீசினார் பாருங்கள், தீர்த்தம் முழுக்க முன்விளக்குகளில் அறைந்தது. படலம் கரைந்தது. இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்துகொண்டன.

முன்வரிசையில் ஓர் அம்மாள் முழங்காலில் விழுந்தார். "சாமி தண்ணி பட்டதும் பார்வை வந்துடுச்சு!"

சாமியாருக்கே திகைப்பு. ஆனால் தன் கையால் நடந்ததை மறுப்பது அடக்கமாகாது என்று நினைத்தாரோ என்னவோ, மேலும் ஒருமுறை தெளித்தார். ஸெனோன் ஓடிவந்தார். "சாமி, என் வண்டிக்கும் இன்னொரு தடவை!"

"உன்னுது புது வண்டியாச்சேப்பா?"

"இருக்கட்டும் சாமி, முன்கூட்டியே."

வெயில் தன் வேலையைக் காட்டுமுன் அண்ணன் காரைக் கிளப்பிவிட்டார். வீட்டு ஷெட்டுக்குள் விட்டுப் பூட்டியபிறகுதான் மூச்சுவிட்டார். அந்த வாரம் ஸெனோன் கடையில் பாலிஷ் விற்கவில்லை. கோயிலில் தீர்த்தம் தீர்ந்துபோனது.

"இப்பவாவது வார்னிஷ்..." என்று இழுத்தேன்.

"தீர்த்தத்துக்கு மேல வார்னிஷா? ஸெனோன் கடைல வாங்கினா ஊரே சிரிக்கும்."

"பக்கத்து ஊர்ல?"

"அங்க கடை வச்சிருக்கறவன் அவனோட சீட்டாட்டக் கூட்டாளி. போன் போட்டுச் சொல்லிடுவான்."

"இன்டர்நெட்ல?"

"பார்சல் வந்து விழற பெட்டி எங்க இருக்கு தம்பி? ஸெனோன் கடை வாசல்ல."

யோசித்து யோசித்து அவர் கண்ட ஒரே வழி மழை. சனிக்கிழமை மழை பெய்தால் விளக்கு துலங்கும். மகளைத் தானே ஓட்டிப்போகலாம். "உங்க நாட்டுல மழைக்கு ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார்.

"கழுதைக்குக் கல்யாணம் பண்ணுவாங்க."

"ஒரு கல்யாணத்துக்கே தனுத்தா என்னைக் கொல்றா. வேற?"

என் நாக்கில் சனி. "பொண்ணு பச்சரிசி தின்னா, அவ கல்யாணத்துல மழை கொட்டும்னு சொல்வாங்க."

அவர் கண்ணில் வந்த வெளிச்சம் அந்தக் காரில் என்றுமே வந்ததில்லை. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் நனைந்தால் பழி மாடிக்குத்தானே வரும்!

அன்றிரவு கோழி சூப்பில் கிங்காவின் தட்டில் மட்டும் எதுவோ நறநறத்தது. "அம்மா, சூப்புல கல்லு!" என்றாள். "நூடுல்ஸ் வேகலை," என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

தனுத்தா அக்கா சும்மாயிருப்பாரா? இங்கே மணப்பெண்ணின் செருப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தால் கல்யாண நாளில் வெயில் அடிக்கும் என்பது நம்பிக்கை. அக்கா வெள்ளைச் செருப்பு இரண்டையும் மாடிப்படி ஜன்னலில் வைப்பார். சற்றுநேரத்தில் அவை அலமாரிக்குப் போய்விடும். மீண்டும் ஜன்னல், மீண்டும் அலமாரி. "இந்த வீட்டுல செருப்புக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்று அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வெள்ளி மாலை கிங்கா ரிப்பன் கட்டுவதற்காக ஷெட் சாவியை எடுத்துப்போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது ரிப்பன் கையிலேயே இருந்தது. அவள் மாடிப்படி ஏறி என்னிடம் வந்தாள். காய்ந்து வெளுத்த விளக்குகளைப் பார்த்துவிட்டாள், அடுத்த வார்த்தை ஸெனோனுக்குப் போகும் என்று நினைத்தேன்.

"சித்தப்பா, சூப்புல போட்டது என்ன?"

மென்று விழுங்கி, விளக்கிலிருந்து மழைவரை உண்மையைச் சொன்னேன்.

"வேக வச்சதா, பச்சையா?"

"சூடான சூப்புல போட்டாரு. பாதி வெந்திருக்கும்."

"அதானே பாத்தேன். அதான் வானம் இப்படி இருக்கு," என்று ஜன்னல் வழியே தெளிந்த வானத்தைக் காட்டினாள். பிறகு ஜன்னல் விளிம்பிலிருந்த செருப்புகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். "ஒரு பிடி குடுங்க."

என் டப்பாவிலிருந்த அரிசியை வாயில் கொட்டி மெல்லத் தொடங்கினாள். "உங்க ஊருப் பொண்ணுங்களுக்குப் பல்லு இரும்பா? அப்பாகிட்ட சொல்லாதீங்க. அவரு ஜெயிச்சதா நெனச்சுக்கட்டும்."

சனிக்கிழமை காலை வரை வானம் மசியவில்லை. ஸெனோன் தன் வெள்ளைக் காரைத் துடைத்து, பூ வைத்து, வாசலில் கொண்டுவந்து தயாராக நிறுத்தினார். "எதுக்கும் இருக்கட்டும்." அண்ணன் கோட்டும் டையுமாக ஷெட்டுக்குள் அமர்ந்திருந்தார், வெளியே வராமல்.

பெற்றோர் ஆசீர்வாதத்துக்கு மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டு ஷெட்டுக்கே திரும்பினார். பெண் வாசலில் வந்து நின்றபோது முதல் துளி ஸெனோனின் புதுக் காரின் மேல் சொட்டியது. பிறகு கொட்டியது. அக்கா, "நேத்து ஜன்னல்ல வச்ச செருப்பை எவன் எடுத்தான்?" என்று கத்தியது இடியில் பாதிதான் கேட்டது. மீதிக்கும் நான் நடுங்கினேன்.

ஷெட் கதவு திறந்தது. கார் மெல்ல மழைக்குள் வந்தது. படலம் கழன்று, இரண்டு கண்ணும் விழித்துக்கொண்டன. பக்கத்து வீட்டு அம்மாள் குடையைப் போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

கிங்கா ஸெனோன் மாமாவின் கன்னத்தில் தட்டிவிட்டுப் பாவாடையைத் தூக்கிப்பிடித்து ஓடினாள். அண்ணன் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். அவர் முகத்தில் வழிந்தது முழுக்க மழையல்ல.

"நனைஞ்சிட்டியேம்மா," என்றார்.

"பரவால்லப்பா," என்றாள் அவள், பல்லிடுக்கில் மாட்டியிருந்த அரிசியை நாக்கால் துழாவியபடி. "மழை விடறதுக்குள்ள வண்டிய எடுங்க. லைட்டப் போடுங்க, ஊரு பாக்கட்டும்."